அடிமைகள் எஜமானிடம் விசுவாசமாக இருந்தார்களா? ஜார்ஜியாவின் ஒரு பண்ணைக் குடும்பத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு அரசுக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை தெற்கில் வெள்ளை ஆண்கள் பெரும்பாலும் படைக்குப் போய்விட்டார்கள், பண்ணைகளில் பெண்களும் வயதானவர்களும்தான் மிச்சம், அப்படியிருந்தும் நிறைய அடிமைகள் ஓடாமல் அங்கேயே இருந்திருக்கிறார்கள், அப்படியானால் நல்ல எஜமானர்களிடம் அவர்களுக்கு ஒரு பாசம், விசுவாசம் இருந்தது என்று சொல்வதில் என்ன தப்பு?

தப்பு இருக்கிறது. ஓடுவதா இருப்பதா என்பதை எஜமான் நல்லவனா கெட்டவனா என்பது தீர்மானிக்கவில்லை. வடக்குப் படகுகள் நடமாடும் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, யாரையெல்லாம் கூட்டிக்கொண்டு போக முடியும், அக்கரையில் என்ன காத்திருக்கிறது என்ற செய்தி கையில் இருக்கிறதா, இந்த மூன்றும்தான் தீர்மானித்தன. 1860-இல் தெற்கில் சுமார் 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். போர் முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் வடக்குப் படையின் பாதுகாப்புக்குள் வந்துசேர்ந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எட்டில் ஒருவர். மீதி ஏழு பேரும் விசுவாசிகள் என்று எடுத்துக்கொண்டால் வேடிக்கைதான், ஏனென்றால் அந்த ஏழு பேரில் பெரும்பாலோர் எந்த வடக்குப் படைவீரனையும் கண்ணால் பார்க்காத தூரத்தில் இருந்தவர்கள்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது. அதனால் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன், அதுவும் "நல்ல எஜமான்" என்ற பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ். 1804-இல் பிறந்தவர், பிரஸ்பிட்டீரியன் போதகர். ஜார்ஜியா கடற்கரையில், சவான்னா நகருக்குத் தெற்கே, லிபர்ட்டி மாவட்டத்தில் அவருக்கு மான்டிவிடியோ, மேபேங்க், ஆர்க்கேடியா என்று மூன்று பண்ணைகள், நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள். அடிமைகளுக்கு வேதம் போதிப்பதையே வாழ்நாள் ஊழியமாக எடுத்துக்கொண்டு, அதற்கென்றே வினாவிடைப் புத்தகம் எழுதி, தெற்கு முழுக்க "அடிமைகளின் அப்போஸ்தலர்" என்று பெயர் வாங்கியவர். வடக்கில் இறையியல் படித்த காலத்தில் தன் வருங்கால மனைவி மேரிக்கு எழுதிய கடிதத்தில், அடிமைமுறை கடவுள் சட்டத்துக்கும் மனிதச் சட்டத்துக்கும் விரோதம் என்றுகூட எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, பண்ணைகளை நடத்தினார். அந்தக் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஏராளமாகப் பிழைத்திருப்பதால் அவர்கள் வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இந்த நல்ல மனிதர் போருக்கு முன்பு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 1856-இல் ஜேன் என்ற இளம் அடிமைப் பெண் பண்ணையிலிருந்து சவான்னாவுக்கு ஓடிப்போய், வேறு பெயரில் வேலை பார்த்து, பிடிபட்டாள். இனி இந்தக் குடும்பம் சரிப்படாது என்று ஜேனோடு அவள் அம்மா ஃபீபி, ஃபீபியின் கணவர் காஷியஸ் உட்பட எல்லோரையும் விற்க முடிவு செய்தார்கள். பிரித்து விற்கக் கூடாது, நல்ல இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று நிபந்தனை எல்லாம் போட்டுத்தான் விற்றார்கள். வாங்கியவன் வியாபாரி. அடுத்த சில மாதங்களில் ஃபீபியும் காஷியஸும் நியூ ஆர்லியன்ஸ் சந்தையிலிருந்து கடிதம் எழுதுகிறார்கள், மறுபடி விற்பனைக்கு நிற்கிறோம் என்று. இந்தச் செய்தி பண்ணையில் மிச்சமிருந்தவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. போர் வரும்போது இவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைப் பாடங்களை மட்டும் வைத்து யோசிக்கக் கூடாது, இதையும் வைத்து யோசிக்க வேண்டும்.

சரி, போர். 1861 நவம்பர் 7 அன்று வடக்குக் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயலைப் பிடித்தது. அங்கிருந்த பண்ணை முதலாளிகள் அடித்துப்பிடித்து உள்நாட்டுக்கு ஓடினார்கள், அடிமைகளையும் கிளப்பிக்கொண்டு போகப் பார்த்தார்கள், ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் வர மறுத்து ஒளிந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்து 1862 ஏப்ரல் 11 அன்று சவான்னா ஆற்று வாயிலில் இருந்த புலாஸ்கி கோட்டை விழுந்தது. இதற்கப்புறம் ஜார்ஜியா கடலோரத் தீவுகளைச் சுற்றி வடக்கின் பீரங்கிப் படகுகள் சர்வசாதாரணமாக நடமாட ஆரம்பித்தன. லிபர்ட்டி மாவட்டம் முழுக்க உப்பங்கழியும் சதுப்பும். இரவில் ஓதம் இறங்கும் நேரம் பார்த்து ஒரு தோணியை அவிழ்த்துவிட்டால் நீரோட்டமே செயின்ட் கேத்தரின்ஸ் தீவுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். கழியின் ஒவ்வொரு வளைவும் யாருக்குத் தெரியும்? எஜமானுக்காக மீன் பிடித்து, படகு தள்ளி, அரிசி ஏற்றிப் போன அடிமைகளுக்குத்தான்.

இதே மாவட்டத்தில், ஜோன்ஸ் குடும்பத்துக்கு உறவில்லாத இன்னொரு பண்ணையில் பிறந்தவர் சூசி பேக்கர். பிற்காலத்தில் சூசி கிங் டெய்லர் என்று அறியப்பட்டவர். பாட்டியோடு சவான்னாவில் வளர்ந்தார். ஜார்ஜியாவில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம், அதனால் புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றி மறைத்துக்கொண்டு, ஒரு சுதந்திரக் கறுப்பினப் பெண்ணின் வீட்டுக்குள் ஒவ்வொருவராக நுழைந்து படித்தார்கள். எழுதத் தெரிந்த பிறகு பாட்டிக்கு ஊரடங்கு நேர அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததே அந்தச் சின்னப் பெண்தான். வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கதையையும் பதிவு செய்திருக்கிறார்: யாங்கிகளிடம், அதாவது வடக்குக்காரர்களிடம், போனால் உங்களைக் குதிரைக்குப் பதிலாக வண்டியில் பூட்டி இழுக்க வைப்பார்கள். இது உண்மையா என்று பாட்டியிடம் கேட்டதற்கு, நிச்சயமாக இல்லை என்று கிழவி ஒரே போடாகப் போட்டிருக்கிறார். கோட்டை விழுவதற்குச் சற்று முன்பு நகர எல்லையில் ஒரு ஜெபக்கூட்டத்தில் "நாம் எல்லோரும் விடுதலை ஆவோம்" என்ற பாட்டைப் பாடியதற்காக அந்தப் பாட்டி உட்பட எல்லோரையும் காவலர்கள் பிடித்துப்போனார்கள், பாட்டில் வரும் ஆண்டவர் என்பது யாங்கிகளைத்தான் என்று குற்றச்சாட்டு. அபாண்டம் என்று சொல்லவும் முடியாது!

இதனால் சூசியை லிபர்ட்டிப் பக்கம் அம்மாவிடம் அனுப்பினார்கள். புலாஸ்கி கோட்டை விழுந்த இரண்டாவது நாள் அவர் மாமா தன் குடும்பத்தோடு சூசியையும் சேர்த்துக்கொண்டு செயின்ட் கேத்தரின்ஸ் தீவுக்குப் போய்விட்டார். இரண்டு வாரத்தில் ஒரு பீரங்கிப் படகு ஏறக்குறைய 30 பேரை ஏற்றி செயின்ட் சைமன்ஸ் தீவுக்குக் கொண்டுபோனது. படகின் தலைவருக்கு இந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதே நம்ப முடியாத விஷயம், எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பதினான்கு வயதுகூட நிறையாத அவர் அங்கே 40 குழந்தைகளுக்குப் பகலிலும் பெரியவர்களுக்கு இரவிலும் பாடம் நடத்தினார்.

இப்போது அதே கோடைக்காலத்தில் ஜோன்ஸ் வீட்டுக்குள் போவோம். 1862 ஜூலை 10 அன்று போதகர் ஜோன்ஸ், பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த மூத்த மகன் சார்லஸுக்கு எழுதுகிறார். மகன் ஹார்வர்டில் சட்டம் படித்தவர், போர் தொடங்கியபோது சவான்னாவின் மேயர். கடிதத்தில் அப்பா சொல்வது: ஹைன்ஸ்வில்லில் ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறோம், இந்த மாவட்டத்திலிருந்து மட்டும் இதுவரை 51 பேர் எதிரியிடம் போய்விட்டார்கள், சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். ஓடியவர்களில் ஒருவர் பெயரை எழுதும்போது பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார், அவனா, அவனுமா என்ற தொனியில். அதற்கப்புறம்தான் விஷயம். இவர்கள் எதிரியை உன் படுக்கையறைவரை வழிகாட்டிக் கூட்டிவரக்கூடிய துரோகிகள், மாவட்டத்தின் ஒவ்வொரு பாதையும் சதுப்பும் ஓடையும் பண்ணையும் இவர்களுக்கு அத்துப்படி, இவர்களைவிட மோசமான உளவாளிகள் இல்லை என்கிறார். ராணுவச் சட்டப்படி இவர்களைத் தண்டிக்க வழி இருக்கிறதா என்று வக்கீல் மகனிடம் கேட்கிறார். முப்பது வருஷம் ஊழியம் செய்த போதகர்!

மகனின் பதில் இன்னும் சுவாரசியமானது. அவருக்கு ஒரு சட்டச் சிக்கல். துரோகி என்றால் அரசுக்கு விசுவாசம் கடமைப்பட்டவனாக இருக்க வேண்டும். அடிமையோ குடிமகனே இல்லை, சட்டத்தின் கண்ணில் சொத்து. சொத்து எப்படித் துரோகம் செய்யும்? இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறி, அறியாமை, எதையும் நம்பும் குணம் என்று ஏதேதோ காரணங்களை அடுக்கிவிட்டு, கடைசியில் வக்கீலை ஓரமாக வைத்துவிட்டுப் பண்ணை முதலாளியாகவே பேசுகிறார்: உடைமை உரிமையைக் கறாராக நிலைநாட்டாவிட்டால் நம் சமூக அமைப்பே கவிழ்ந்துவிடும், வேறு எதுவும் இவர்கள் மண்டையில் ஏறாது என்றால் பயம் ஏற வேண்டும். என்னைப் பொறுத்தவரை "பாசமான எஜமான்" பற்றிய வாதம் இந்த இரண்டு கடிதங்களோடு முடிந்துபோகிறது. அதே போதகர் ஓடுகிறவர்களின் காரணத்தையும் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார்: விலை மலிந்த சாமான்கள், விடுதலை, கூலியுள்ள வேலை, இந்த ஆசையை யாராலும் தாங்க முடியாது என்று. கூலியும் விடுதலையும் கிடைத்தால் எவரும் போவார் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

கடலோரத்தில் ஆட்களை வைத்திருந்தால் தங்கமாட்டார்கள் என்று புரிந்ததும் குடும்பம் உள்நாட்டில், பர்க் மாவட்டத்தில் ஒரு பண்ணை வாங்கி அங்கே அடிமைகளை நகர்த்தியது. தெற்கு முழுக்க வசதியான முதலாளிகள் இதைத்தான் செய்தார்கள், மிசிசிப்பிப் பக்கத்துக்காரர்கள் டெக்சஸ்வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். "இருந்துவிட்டவர்கள்" கணக்கில் இப்படி நகர்த்தப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் விசுவாசம் என்கிறார்கள். 20 அடிமைகளுக்கு ஒரு வெள்ளை ஆண் என்ற கணக்கில் படைச்சேவையிலிருந்து விலக்குத் தரும் சட்டத்தையும் 1862 அக்டோபரில் தெற்கு அரசு கொண்டுவந்தது. ஏழை வெள்ளைக்காரர்கள் வயிறெரிந்தார்கள். அடிமைகள் விசுவாசமாக இருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

தனியாகப் போவதும் குடும்பத்தோடு போவதும் வேறு வேறு விஷயம். ஆரம்பத்தில் ஓடியவர்களில் இளம் ஆண்கள் அதிகம், காரணம் வெளிப்படை. கைக்குழந்தை அழுதால் ரோந்துக்காரன் காதில் விழும். வயதான அம்மாவால் இடுப்பளவு சேற்றில் நடக்க முடியாது. விட்டுவிட்டுப் போனால் மிச்சமிருப்பவர்களை விற்றுவிடுவார்கள் அல்லது உள்நாட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். ஆகவே நிறையப் பெண்களுக்கு "இருப்பது" என்பது குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். இது சும்மா ஊகம் அல்ல, படகு வாசலுக்கே வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால் தெரியும்.

1863 ஜூன் 2 அதிகாலை, தென் கரோலினாவின் கம்பாஹி ஆறு. கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரி தலைமையில் கறுப்பின வீரர்கள் படகுகளில் ஆற்றுக்குள் நுழைகிறார்கள், கூடவே, தானும் அடிமையாக இருந்து தப்பிய ஹேரியட் டப்மனும் அவருடைய உளவாளிகளும். ஆற்றில் எங்கே வெடி மிதக்கிறது, எந்தத் துறையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அடிமைகள் கொடுத்த தகவல். நெல் பண்ணைகள் அவை. கடல் ஓதத்தை வைத்தே மதகு திறந்து வயலுக்கு நன்னீர் பாய்ச்சும் முறை, தேங்கிய தண்ணீரில் மலேரியா, அதனால் கோடை வந்தால் முதலாளிக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊரைக் காலிசெய்துவிடும். காவல் படையையும் நோய்க்குப் பயந்து குறைத்திருந்தார்கள். பின்னால் விசாரணை நடத்திய தெற்கு அதிகாரியே, நாட்டையும் ஆற்றையும் நன்றாக அறிந்தவர்கள் எதிரிக்கு வழிகாட்டியிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார். போதகர் ஜோன்ஸ் பயந்தது சரியாகப் போயிற்று, ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை, அந்த வருஷம் மார்ச் மாதமே இறந்துவிட்டார்.

அன்று தப்பியவர்களில் 88 வயதுக் கிழவர் ஒருவர் ஒரு படை அதிகாரியிடம் சொன்னது எழுத்தில் இருக்கிறது. எல்லோரும் நெல் வயலில் களை கொத்திக்கொண்டிருக்கிறார்கள், படகுகள் வருகின்றன, கொட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்கிறார்கள். எஜமான் நின்று கத்துகிறார், காட்டுக்குள் ஓடி ஒளியுங்கள், யாங்கி வருகிறான், கியூபாவுக்கு விற்றுவிடுவான்! எல்லோரும் ஓடினார்கள், ஆனால் எதிர்ப்பக்கமாக. எஜமான் மரத்துக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்க்க, அவரைத் தாண்டிக்கொண்டே நேராகப் படகுக்கு ஓடினார்கள். கிழவருக்கு உடம்பில் சட்டையும் காற்சட்டையும், மனைவிக்கு ஒரே ஒரு கவுன், தலையில் ஒரு துண்டு. இரண்டு போர்வையையும் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பின்னால் தெற்குப் படை வருகிறது என்று யாரோ கத்த, கிழவி "வா, சீக்கிரம் வா" என்று இவரை இழுத்திருக்கிறார். 88 வயதில்.

டப்மன் பார்த்ததும் இதே மாதிரி: ஒரு பெண்ணின் தலையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பாத்திரம், ஆவி பறக்கிறது, முதுகில் ஒரு குழந்தை தொற்றிக்கொண்டு பாத்திரத்துக்குள் கைவிட்டு அள்ளித் தின்கிறது. இன்னொரு பெண் ஒரு வெள்ளைப் பன்றியும் ஒரு கறுப்புப் பன்றியும் கொண்டுவர, வெள்ளைக்குத் தெற்குத் தளபதி போரிகார்டின் பெயரையும் கறுப்புக்குத் தெற்கு அதிபர் ஜெஃப் டேவிஸின் பெயரையும் வைத்துப் படகில் ஏற்றினார்களாம். ஒரே காலையில் 700 பேருக்கு மேல், குழந்தை குட்டி கிழவர் எல்லோரும். முந்தின நாள் மாலைவரை இவர்கள் எல்லோரும் "ஓடாமல் இருந்தவர்கள்" பட்டியலில்தான் இருந்தார்கள்.

இதைச் சொல்லும்போது வடக்குப் படை என்றால் மீட்பர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1861-இல் ஓடிவந்தவர்களைப் பிடித்து எஜமானிடமே திருப்பிக்கொடுத்த வடக்கு அதிகாரிகள் இருந்தார்கள். அந்த மே மாதம் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டைக்கு மூன்று பேர் வந்து சேர்ந்தபோது ஜெனரல் பட்லர் அவர்களைத் திருப்பித் தராததற்குக் காரணம் கருணை அல்ல, தந்திரம்: வர்ஜீனியா தன்னை வேறு நாடு என்கிறதே, பிறகு எங்கள் நாட்டுச் சட்டப்படி அடிமையைத் திருப்பிக் கேட்பது எப்படி? போரில் பறிமுதல் செய்த பொருள் என்று அவர்களை வைத்துக்கொண்டார். ஆட்கள் ஓடி ஓடி வந்து கோட்டை வாசலில் நின்றதால்தான் சட்டம் அவர்கள் பின்னால் வந்தது, 1861 ஆகஸ்டில் பறிமுதல் சட்டம், 1862 மார்ச்சில் திருப்பி அனுப்பத் தடை, 1863 ஜனவரி 1-இல் அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் என்று. 1864 டிசம்பரில்கூட ஜார்ஜியாவில் எபினேசர் ஓடையில், வடக்கு ஜெனரல் ஷெர்மனின் கீழிருந்த தளபதி ஒருவர் தன் படை கடந்ததும் மிதவைப் பாலத்தை எடுத்துவிட்டார். பின்னால் வந்த விடுதலை தேடிய மக்கள் குளிர்ந்த தண்ணீரில் குதித்தார்கள், பலர் மூழ்கினார்கள், மிச்சமிருந்தவர்களைத் தெற்குக் குதிரைப்படை வந்து பிடித்தது. அந்தத் தளபதியின் பெயரும் ஜெஃபர்சன் டேவிஸ்தான், ஆள் வேறு.

சில நாட்களில் அதே ஷெர்மனின் குதிரைப்படை லிபர்ட்டி மாவட்டத்துக்குள்ளும் வந்தது. மான்டிவிடியோ வீட்டில் அப்போது விதவை மேரி ஜோன்ஸும், நிறைமாதக் கர்ப்பிணியான மகளும். சோளம், கோழி, வண்டி, மாடு எல்லாம் போயின. ஜனவரி தொடக்கத்தில் வீட்டைச் சுற்றிப் படைவீரர்கள் நிற்கும்போதே மகளுக்குப் பிரசவம். அந்தப் பயத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் வீரர்கள் அடிமைக் குடிசைகளையும் விடவில்லை, இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்தக் கடலோரத்தில் வேலை நாள் கணக்கில் இல்லை, அளந்து விடும் வேலை, உதாரணமாக ஒரு ஆளுக்குக் கால் ஏக்கர். முடித்தால் மிச்ச நேரம் அவரவருக்கு. அந்த மிச்ச நேரத்தில் பன்றி, கோழி, கொஞ்சம் நெல், சிலர் மாடு, குதிரைகூடச் சேர்த்திருந்தார்கள், பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருந்தார்கள். சட்டப்படி அடிமைக்குச் சொத்தே கிடையாது, ஆனால் யாருடைய பசு எது என்று ஊருக்கே தெரியும். ஓடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இருபது வருஷம் சேர்த்ததைத் தோணியில் ஏற்ற முடியாது. அதை வடக்குப் படை ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. 1871-இல் அரசு இழப்பீட்டு ஆணையம் அமைத்தபோது இந்த மாவட்டத்தின் முன்னாள் அடிமைகள் பலர் மனுப்போட்டு, ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி, கேட்டதில் ஒரு பகுதியை வாங்கினார்கள். அந்தச் சாட்சியங்கள்தான் அவர்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்கள் வாயாலேயே நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆதாரம், ஜோன்ஸ் கடிதங்களைவிட எனக்கு இவைதான் முக்கியம்.

அப்படியானால் எஜமானியின் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துவைத்தவர்கள், படைவீரர்களிடம் பேசி வீட்டைக் காப்பாற்றியவர்கள் யாரும் இல்லையா என்றால், இருந்தார்கள். வருஷக்கணக்கில் ஒரே முற்றத்தில் வாழ்ந்தவர்கள், சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீடு, மனிதர்கள் மனிதர்களாக நடந்துகொண்டார்கள். அதை எஜமான்கள் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். ஆனால் கூலி ஒப்பந்தம் எழுத வேண்டிய காலம் வந்ததும் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள், மேரி ஜோன்ஸின் போருக்குப் பிந்தைய கடிதங்களில் யார் போய்விட்டார்கள், யார் சொன்ன வேலையைச் செய்வதில்லை என்ற புலம்பல்தான் அதிகம். பண்ணையை அவரால் நடத்த முடியவில்லை. மூத்த மகன் வக்கீல் தொழில் பார்க்க நியூயார்க்குக்கே போய்விட்டார். 1868-இல் மேரியும் கிளம்பி நியூ ஆர்லியன்ஸில் மகள் வீட்டுக்குப் போனார், அடுத்த வருஷம் அங்கேயே இறந்தார். லிபர்ட்டி மாவட்டத்திலேயே தங்கியவர்கள் முன்னாள் அடிமைகள்தான். அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்த நிலம் வாங்கினார்கள்.